பழைய பிக்கப் வண்டிகளின் பின் அச்சு

போன மாதம் நண்பர் ஒருவரின் பேரன் பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். பின் சக்கரத்துக்குப் பிரேக் லைனிங் மாற்ற வேண்டும். டிரம் கழலவில்லை. "தாத்தா, எங்க அப்பா லாரியில எட்டு போல்ட்டைக் கழட்டினா ஷாஃப்ட் தானா வெளியில வந்துடுது. இதுல நட்டைக் கழட்டிட்டு ஒரு மணி நேரமா தட்டுறேன், அசையக்கூட இல்லை. ரெண்டும் வண்டிதானே?" என்றான்.

நல்ல கேள்வி. நாற்பது வருஷம் இந்த வேலையில் கிடந்தவன் நான். ஆனாலும் இதை யாருக்கும் உட்கார்ந்து முழுசாகச் சொன்னதில்லை. அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். வண்டி வேலை தெரியாதவர்களும் படிக்கலாம். மாட்டு வண்டியைப் பார்த்திருந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான்.

மாட்டு வண்டியில் இருசு சுற்றாது. அது வண்டியோடு சேர்த்துக் கட்டப்பட்ட இரும்பு. பாரத்தைத் தாங்குவதுதான் அதன் வேலை. சக்கரத்தின் குடம் அதன் முனையில் செருகி, சக்கரம் மட்டும் சுற்றும். சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க முனையில் ஒரு கடையாணி. இழுப்பது மாடு. ஆகவே இருசுக்கு வேறு கவலை இல்லை.

மோட்டார் வண்டியில் இழுக்கும் மாடு முன்னால் இல்லை. சக்கரத்தையே சுழற்றித்தான் வண்டி நகர வேண்டும். அப்போது பின் அச்சுக்கு இரண்டு வேலை: பாரத்தையும் தாங்க வேண்டும், சக்கரத்தையும் சுழற்ற வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே கம்பியிடம் கொடுப்பதா, இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதா? பிக்கப் வண்டிகளின் பின் அச்சுச் சரித்திரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான்.

ஒரே கம்பியிடம் கொடுத்தால் அதற்குச் செமி ஃப்ளோட்டிங் என்று பெயர். சக்கரம் நேராக ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில் மாட்டியிருக்கும். ஷாஃப்ட் ஹவுசிங்கின் வாயில் உள்ள ஒரு பேரிங்கில் சுற்றும். வண்டியின் பாரம் அந்த ஷாஃப்ட்டை வளைக்கப் பார்க்கும். சுற்றும் கம்பி என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மேல் பக்கம் கீழாகவும், கீழ்ப் பக்கம் மேலாகவும் மாறி மாறி வளைகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போமே, அதே கதைதான். பல லட்சம் சுற்றுக்குப் பிறகு ஒருநாள் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கும். ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் அதனோடு போய்விடும்.

பிரித்துக் கொடுத்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். இதில் ஹவுசிங்கின் முனைதான் மாட்டு வண்டியின் இருசு. அதன் மேல் இரண்டு பேரிங், அதன் மேல் ஹப், அதன் மேல் சக்கரம். உள்ளே ஷாஃப்ட் வெறுமனே மிதந்தபடி முறுக்கு விசையை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் அதன் இடத்திலேயே நிற்கும். ஜாக்கி கூட வைக்காமல், எட்டு போல்ட்டைக் கழற்றி, ஒடிந்த ஷாஃப்ட்டை உருவிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம். பேரன் பார்த்த லாரி இந்த வகை.

இரண்டுக்கும் நடுவே முக்கால் மிதவை ஒன்றும் உண்டு. பேரிங் ஹவுசிங்குக்கு வெளிப்பக்கம் இருக்கும். பாரம் ஹவுசிங்குக்கு, திருப்பத்தில் வரும் பக்கவாட்டு உதை மட்டும் ஷாஃப்ட்டுக்கு. 1928-இல் வந்த ஃபோர்டு மாடல் ஏ இந்த வகை.

இனி கொஞ்சம் பின்னால் போவோம்.

பிக்கப் என்ற வண்டியைத் தொழிற்சாலையிலேயே முழுசாகக் கட்டி ஃபோர்டு விற்றது 1925-இல். மாடல் டி காரின் பின்புறத்தில் ஒரு சிறு இரும்புத் தொட்டி. விலை 281 டாலர். அதற்கு முன்பெல்லாம் விவசாயிகள் காரை வாங்கி, பின் இருக்கையைப் பிடுங்கிவிட்டுத் தச்சரிடம் பெட்டி செய்து மாட்டிக்கொண்டார்கள். ஆக முதல் பிக்கப்பின் பின் அச்சு, 1908-இல் காருக்காகச் செய்த அதே அச்சுதான். பினியனுக்கு 11 பல், கிரௌனுக்கு 40 பல். இன்ஜின் பக்கம் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. குறுக்கே ஒரே ஒரு வில் பட்டை. ஷாஃப்ட் ஹவுசிங்குக்குள் ஹையட் கம்பெனியின் ரோலர் பேரிங்கில் சுற்றியது. அந்த ஹையட்டை நடத்தியவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராகி ஃபோர்டை முந்திய அதே ஸ்லோன், ஒரு காலத்தில் ஃபோர்டுக்குப் பேரிங் விற்றவர். வியாபாரம் அப்படி.

மாடல் டி அச்சில் ஒரு பொல்லாத சங்கதி இருந்தது. காலால் மிதிக்கும் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருந்தது. அதாவது பிரேக்கின் பிடி கியர் பெட்டியிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக, கிரௌன் பினியன் வழியாக, ஆக்சில் ஷாஃப்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எது விட்டுப் போனாலும் பிரேக்கும் போச்சு. அச்சுக்குள்ளே பக்கவாட்டு உதையைத் தாங்க ஈயம் போன்ற மெதுவான உலோகத்தில் வாஷர்கள் போட்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் ஓடி அவை நொறுங்கினால் கிரௌன் பினியனை விட்டு விலகிவிடும். இறக்கத்தில் அது நடந்தால் இன்ஜினும் பிடிக்காது, கால் பிரேக்கும் பிடிக்காது. கை பிரேக் ஒன்றுதான் பின் சக்கரத்தில் நேராகப் பிடிக்கும், அதுவும் சிறியது. சக்கரத்தின் மேலேயே பிடிக்கும் பிரேக்குகளை வெளிக் கம்பெனிகள் செய்து மலைப் பிரதேசங்களில் நன்றாக விற்றன. இன்றைக்கும் மாடல் டி வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் வேலை அந்த வாஷரை எடுத்துவிட்டு வெண்கல வாஷர் போடுவதுதான்.

காருக்குச் செய்த அச்சு ஒரு டன் பாரத்துக்கு உதவாது என்பது ஃபோர்டுக்கும் தெரியும். 1917-இல் மாடல் டிடி என்று லாரி சேஸிஸ் ஒன்று வந்தது. இன்ஜின் அதே சின்ன இன்ஜின்தான். பின் அச்சு மட்டும் வேறு. கிரௌன் பினியனுக்குப் பதில் வார்ம் கியர். திருகாணி மாதிரி ஒரு உருளை, அது சுற்றச் சுற்ற ஒரு வெண்கலச் சக்கரம் பல் பல்லாக நகரும். ஏழேகால் சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் மணிக்கு 15, 20 மைலைத் தாண்டாது, ஆனால் பாரத்தோடு மேட்டில் ஏறும். சத்தமே இல்லாமல் ஓடும். சிறிய இடத்தில் பெரிய குறைப்பு வேண்டுமானால் வார்முக்கு இணை அந்தக் காலத்தில் கிடையாது. குறை என்னவென்றால், பல் பல்லின் மேல் உருளாது, தேய்த்துக்கொண்டே போகும். அதனால் சூடு, அதனால் சக்தி நஷ்டம். ஃபோர்டு அடுத்த மாடலின் ஆரம்பத்தோடு வார்மைக் கைவிட்டுவிட்டது.

வார்மைக் கடைசி வரை விடாமல் பிடித்திருந்தது பிரெஞ்சுக்காரர்களின் பேஷோ. அவர்களுடைய 403, 404 வண்டிகளிலும், ஆப்பிரிக்கா முழுக்கச் சந்தைக்கு ஆளையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போன 404 பிக்கப்பிலும் வார்ம் அச்சுதான். 1960-களில் மற்றவர்களில் பெரும்பாலோர் ஹைப்பாய்டுக்கு மாறிவிட்டார்கள், இவர்கள் மாறவில்லை. அந்த அச்சுக்குச் சாதாரண 90 ஆயில் ஊற்றக்கூடாது. ஹைப்பாய்டுக்கான 90 ஆயிலில் கந்தகம் கலந்திருக்கும், அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். அந்த நாளைய கந்தகம் வெண்கலத்தை அரிக்கும். அதனால் பேஷோ அச்சுக்கு ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாக வைத்துச் செய்த தனி எண்ணெய். விளக்கெண்ணெய் ஊற்றி ஓடிய வண்டி என்று சொன்னால் என் மனைவி நம்பவில்லை. மாட்டு வண்டி இருசுக்கும் எங்கள் ஊரில் விளக்கெண்ணெய்தான் போடுவார்கள். அதைச் சொன்ன பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹைப்பாய்டு என்றேன். அது அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊர் க்ளீசன் கம்பெனி உருவாக்கிய பல் அமைப்பு. 1926-இல் பேக்கர்டு காரில் வந்தது. அதுவரை பினியன் கிரௌனின் மையத்துக்கு நேராக இருந்தது. ஹைப்பாய்டில் பினியன் மையத்துக்குக் கீழே இறங்கி இருக்கும். அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் தாழும், காரின் தரையும் தாழும். காருக்கு அதுதான் ஆதாயம். பிக்கப்புக்கு வேறு ஆதாயம்: ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் ஒன்றோடொன்று தொட்டிருக்கும், அதனால் அதே அளவு கிரௌன் அதிகப் பாரம் இழுக்கும்.

அடுத்த கேள்வி அச்சைச் சட்டத்தோடு எப்படிக் கட்டுவது. சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது, எதிர்வினையாக ஹவுசிங் தன் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பின்னோக்கிப் புரளப் பார்க்கும். ஃபோர்டு, செவர்லே இரண்டுமே ஆரம்பத்தில் டார்க் டியூப் போட்டன. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு தடித்த குழாய், பின் முனை ஹவுசிங்கோடு இறுகப் பூட்டியது, முன் முனை கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு குமிழில் அசையும். புரளும் விசையையும், வண்டியைத் தள்ளும் விசையையும் அந்தக் குழாயே ஏற்றுக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குப் பாரம் தாங்குவது மட்டும் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெக்கானிக்கைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். பழைய ஃபோர்டுகளில் கியர் பெட்டியை இறக்க வேண்டுமானால் இன்ஜினை முன்னால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் பின் அச்சு முழுவதையும் பின்னால் தள்ள வேண்டும்.

மாற்று ஏற்பாடு ஹாட்ச்கிஸ். பிரான்சில் துப்பாக்கி செய்து, பிறகு கார் செய்த கம்பெனியின் பெயர். திறந்த புரொப்பல்லர் ஷாஃப்ட், இரண்டு பக்கமும் நீளவாக்கில் வில் பட்டை. பாரம், உந்துதல், புரளல் மூன்றையும் பட்டையே தாங்கும். 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1 பிக்கப் இந்த வகை. செவர்லேயின் அரை டன் பிக்கப் 1954 வரைக்கும் டார்க் டியூபை விடவில்லை, 1955-இன் புது மாடலில்தான் விட்டது. இன்றைக்கு நம் ஊர்க் குட்டி யானை வரைக்கும் இரும்பு அச்சும் பட்டையும்தான். மூன்று வேலையையும் ஒருத்தனே பார்த்தால் கொஞ்சம் தடுமாறுவான்தானே. சுமையோடு மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். பட்டை எஸ் எழுத்துப் போல வளைந்து திரும்பும் சத்தம் அது.

இனி ஜீப். நான் 1968-இல் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலில் கற்றுக்கொண்டது ஜீப்பின் பின் டிரம்மைக் கழற்றுவது. யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சு. ராணுவம் செலவைப் பார்க்கவில்லை. சண்டை முடிந்து, விவசாயிக்கு விற்க வந்த சிஜே ஜீப்பிலும் முதலில் அதுவே இருந்தது. 1946-இல் அதை எடுத்துவிட்டுச் செமி ஃப்ளோட்டிங் போட்டார்கள். ஷாஃப்ட்டின் முனை கூம்பு மாதிரி சாய்வாக இருக்கும். அதன் மேல் ஹப் இறுகி உட்காரும், நடுவே ஒரு சாவிக்கட்டை, வெளியே பெரிய நட், நட்டுக்கு ஒரு ஸ்ப்ளிட் பின். மஹிந்திரா நமக்குச் செய்து தந்த ஜீப்பும் அந்த வம்சம்தான். கூம்பு கூம்பைக் கவ்வினால் எளிதில் விடாது. புல்லரை மாட்டி, பலம் கொண்ட மட்டும் இறுக்கி, முனையில் பெரிய சுத்தியலால் ஒரு அடி. விடும்போது பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். முதல் தடவை நான் பயந்து ஓடிவிட்டேன். பட்டறையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜீப்பின் கை பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் தலையில் ஒரு டிரம்மில் இருந்தது. நட் தளர்ந்து சாவிக்கட்டை வெட்டுப்பட்டால், கை பிரேக் போட்டு மேட்டில் நிறுத்திய ஜீப் தானாக உருளத் தொடங்கும். மாடல் டி-யின் அதே சங்கதி, முப்பது வருஷம் கழித்து.

1978-இல் நான் வளைகுடாவுக்குப் போனேன். அங்கேதான் உலகத்திலுள்ள எல்லாப் பிக்கப்பையும் ஒரே முற்றத்தில் பார்த்தது. அமெரிக்க வண்டிகள் அரை டன், முக்கால் டன் என்று பிரிந்திருந்தன. வெளியே பார்த்தால் ஒரே வண்டி. நாங்கள் குனிந்து பின் சக்கரத்தின் நடுவைத்தான் பார்ப்போம். ஹப் வெளியே துருத்திக்கொண்டு, வட்டமாகப் போல்ட் தலைகள் தெரிந்தால் முக்கால் டன், ஃபுல் ஃப்ளோட்டிங். வெறும் சப்பையாக இருந்தால் அரை டன். டாட்ஜ், ஃபோர்டு முக்கால் டன்களில் டானா 60 என்ற அச்சு. செவர்லே முக்கால் டன்னில் 1972 வரை ஈட்டன் கம்பெனியின் அச்சு, 1973 முதல் பதினாலு போல்ட் அச்சு. மூடியில் பதினாலு போல்ட் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

அரை டன்னில் என் மனசுக்குப் பிடித்தது ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சு. 1957-இல் வந்தது, 1986 வரை பிக்கப்பில் ஓடியது. கிரௌனின் விட்டம் 9 அங்குலம். மற்ற பல அமெரிக்க அச்சுகளில் டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். பின் மூடியைத் திறந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிம் போட்டுப் பல்லின் இடைவெளியைச் சரி பார்க்க வேண்டும். எண்ணெய் முகத்தில் சொட்டும். ஒன்பது அங்குலத்தில் கிரௌன், பினியன், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே உருண்டையாக முன்பக்கம் வழியாக வெளியே வரும். மேஜை மேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே சரி செய்து திருப்பி மாட்டலாம். பினியனின் உள் முனைக்கும் ஒரு தனிப் பேரிங் உண்டு. பாரம் அதிகமானால் பினியன் கிரௌனை விட்டு விலகப் பார்க்கும், அந்த மூன்றாவது பேரிங் விலக விடாது. இந்த உருண்டை கழலும் வகைக்குப் பாஞ்சோ என்று பெயர். அந்த வாத்தியத்தை நான் பார்த்ததில்லை. ஹவுசிங்கை நிமிர்த்தி வைத்தால் நம் தம்புராக் குடம் மாதிரிதான் எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரர்களும் இதே வகையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1968-இல் தொடங்கிய டொயோட்டா ஹைலக்ஸில் அப்படியே முன்பக்கம் வழியாக வரும் உருண்டை. அவர்களுடைய கனரக லேண்ட் குரூசர் 70 வரிசைப் பிக்கப்பில் ஃபுல் ஃப்ளோட்டிங். பாலைவனத்தில் அந்த வண்டிக்கு இருக்கும் மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்து வைக்க இரண்டு வழி. ஒன்று, உள்முனையில் டிஃபரன்ஷியலுக்குள் சி எழுத்து மாதிரி ஒரு கிளிப். செவர்லே அரை டன்களில் இதுதான். ஷாஃப்ட் ஒடிந்தால் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது, வெளிமுனைப் பேரிங்கைத் தாண்டி ஷாஃப்ட்டில் இறுக்கி ஏற்றிய ஒரு இரும்பு வளையம். நாங்கள் காலர் என்போம். பேரிங்கை ஒரு தகடு ஹவுசிங்கோடு பிடிக்கும், காலர் ஷாஃப்ட்டைப் பேரிங்கோடு பிடிக்கும். அந்தக் காலர்தான் கடையாணி. வெறும் இறுக்கத்தில் நிற்பது. பேரிங் மாற்றும்போது பழைய காலரை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, புதுக் காலரைச் சூடாக்கி அழுத்தி ஏற்ற வேண்டும். ஒரு முறை ஏறி இறங்கிய காலரில் பழைய இறுக்கம் இருக்காது. இது எனக்கு அப்போதே தெரியும்.

1981-இல் நான் இருந்த கட்டுமானக் கம்பெனியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றும் அரை டன் பிக்கப் ஒன்று பேரிங் சத்தத்தோடு வந்தது. புதுப் பேரிங் இருந்தது, காலர் இல்லை. வண்டி காலையில் சைட்டுக்குப் போயாக வேண்டும் என்று ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார். பழைய காலரை வெட்டாமல் மெதுவாக அழுத்தி இறக்கியிருந்தேன். அதையே ஒரு குழாயை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். கடைசி அரை அங்குலம் சுலபமாக ஏறியது. அப்படி ஏறியிருக்கக் கூடாது. கையில் தெரிந்தது. தெரிந்தும் டிரம்மை மாட்டி அனுப்பினேன்.

பதினோரு நாள் ஓடியது. ஒரு வளைவில் தொட்டி நிறையத் தண்ணீரோடு திரும்பும்போது இடது பின் சக்கரம், டிரம், ஷாஃப்ட் எல்லாம் ஒன்றாக வெளியே நகர்ந்து வந்துவிட்டது. டிரம் நகர்ந்ததும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளிப் பின் பிரேக் எண்ணெய் கொட்டிவிட்டது. வண்டி ஒரு கான்கிரீட் தடுப்பில் போய் இடித்து நின்றது. ஓட்டியவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். இடது மணிக்கட்டு ஒடிந்தது. அதிகச் சுமையோடு வேகமாகத் திரும்பினார் என்று எழுதி, இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். காகிதத்தை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது காரணம். காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு மெஸ்ஸில் அவரிடம் போய், "அண்ணே, அந்தக் காலர் நான் போட்டது, பழசு" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும் தம்பி. ரோட்டுல கிடந்த ஷாஃப்ட்டை நான்தானே தூக்கி வண்டியில போட்டேன். காலர்ல சுத்தியல் தடம் இருந்துச்சு" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் சம்பளத்தைப் பிடிச்சா ரெண்டு மாசத்தோட போச்சு. உன்னைன்னா அனுப்பியே விட்டுருப்பானுங்க" என்றார். நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவினார். அந்த மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, குழாயை வலது கையால்தான் மூடினார்.

சரித்திரத்துக்கு வருகிறேன். எல்லோரும் பட்டையில் நின்றபோது செவர்லே 1960-இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. அரை டன் பிக்கப்பின் பின்பக்கத்தில் பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தது. சுருளுக்குப் பாரம் தாங்க மட்டும்தான் தெரியும், அச்சைப் பிடித்து வைக்கத் தெரியாது. அதனால் கேபினுக்கு அடியிலிருந்து இரண்டு நீண்ட கைகள் புறப்பட்டு அச்சைப் பிடித்தன, பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி. வெறும் வண்டியாக ஓட்டினால் கார் மாதிரி மெத்தென்று போகும். ஆனால் ஒப்பந்தக்காரர்களும் விவசாயிகளும் மெத்தென்று போவதற்கா பிக்கப் வாங்குகிறார்கள்? நிறைய ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடும் என்று முறைப்பாடு. அதே கம்பெனி ஜி.எம்.சி என்ற இன்னொரு பெயரில் விற்ற அரை டன்னில், 1967-க்குப் பிந்தைய வரிசையில், பட்டைதான் வழக்கமாக வந்தது. 1973 மாடலில் செவர்லேயும் பட்டைக்கே திரும்பியது. வேடிக்கை என்னவென்றால், பிக்கப் கைவிட்ட அந்த நீண்ட கைகளை அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓடும் பந்தயக் கார்களில் அதற்கு இன்றும் டிரக் ஆர்ம் என்றுதான் பெயர்.

இரும்பு அச்சே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். 1952-இல் வந்த வோக்ஸ்வாகன் பிக்கப்பில் இன்ஜின் பின்னால், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சுகள். சக்கரத்தின் அருகிலேயே இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் வைத்து, அச்சை சக்கரத்தின் மையத்துக்கு மேலே தூக்கிவிட்டார்கள். இது யுத்த கால ஜெர்மன் ராணுவ வண்டியிலிருந்து வந்த யோசனை. தரை உயரமும் கிடைத்தது, சின்ன இன்ஜினுக்குக் கூடுதல் இழுவையும் கிடைத்தது. 1968 மாடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். செவர்லேயும் கார்வேர் என்ற பின் இன்ஜின் காரிலிருந்து 1961-இல் ஒரு பிக்கப் செய்து பார்த்தது. பக்கவாட்டிலேயே சரிவுப் பலகை இறங்கும், தள்ளுவண்டியை அப்படியே உருட்டி ஏற்றலாம். நல்ல யோசனைதான், நாலு வருஷத்தில் நின்றுபோனது.

நம் ஊரில் பின் அச்சின் தொல்லையே இல்லாமல் ஓடிய வண்டி மெட்டாடர். அதன் இழுவை முன் சக்கரத்தில். பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது, அதனால் தளம் அவ்வளவு தாழ்வு. மூன்று சக்கர டெம்போவும் முன் சக்கரத்தால் இழுப்பதுதான். மாடு முன்னால் நின்று இழுக்கிற மாதிரி. காய்கறி மூட்டையை ஆள் தூக்கி ஏற்றுகிற ஊருக்கு அந்தத் தாழ்வான தளம் பெரிய வசதி. மழையில் சறுக்கும் மேட்டில் முழுப் பாரத்தோடு ஏறும்போது மட்டும் முன்பக்கம் லேசாகிச் சக்கரம் வெறுமனே சுற்றும். காந்தி மார்க்கெட் பக்கம் மெட்டாடரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள்.

பேரனின் ஜீப்புக்கு என் பழைய புல்லரைப் பரணிலிருந்து இறக்கினேன். நட்டை முழுக்கக் கழற்றாமல் முனையில் இரண்டு மறை விட்டு வைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் டிரம் பறந்து காலில் விழும். புல்லரை அவன் இறுக்கினான். அடி நான் அடித்தேன். சத்தத்தில் எதிர் வீட்டு அம்மாள் வெளியே வந்துவிட்டாள். லைனிங் மாற்றி, கூம்பைத் துடைத்து, சாவிக்கட்டையைப் பார்த்து, நட்டை அவனும் நானும் சேர்ந்து நீளக் குழாய் போட்டு இறுக்கினோம். ஸ்ப்ளிட் பின் நன்றாகத்தான் இருக்கிறது, நிமிர்த்திப் பழசையே போட்டுவிடலாமா என்று கேட்டான். இரண்டு ரூபாயைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன்.